ஏழு நாள் பிரீமியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கிச் செங்கடல் பிரச்சினை வந்தபோது ஃபிரெயிட் (கப்பல் சரக்குக் கட்டணம்) சில வாரங்களில் நாலு மடங்கானது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவலுக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. அடி வாங்கிய கப்பல்கள் சில டஜன் இருக்கும். ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஏன் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின? தொழில் கூட்டங்களிலோ மேடை ஏறுகிறவர்கள் எல்லாம் ‘நெருக்கடிதான் வாய்ப்பு’ என்கிறார்கள். யாருக்கு? எங்களைப் போன்றவர்கள் அடுத்த முறை எதைக் கவனிக்க வேண்டும்?

ச., கரூர்

அன்புள்ள ச.,

நீங்கள் கணக்குப் பார்ப்பவர், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

கப்பலுக்கு ஆண்டுக் காப்பீடு என்று ஒன்று இருக்கும். லண்டன் காப்பீட்டுச் சந்தையில் கூட்டுப் போர்க் குழு என்று ஒரு அமைப்பு, ஆபத்தான கடற்பகுதிகளைப் பட்டியலிடுகிறது. அந்தப் பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் தனியாக ஒரு போர் ஆபத்து பிரீமியம் கட்ட வேண்டும். வழக்கமாக அது ஏழு நாளுக்குத்தான். 2023 நவம்பர் 19 அன்று ஹூதிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி ‘கேலக்ஸி லீடர்’ என்ற கார் ஏற்றும் கப்பலைப் பிடித்தார்கள். அதற்கு முன்பு இந்தப் பிரீமியம் கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2024 தொடக்கத்தில் 0.7 முதல் 1 சதவீதம் வரை கேட்டார்கள்.

10 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு பெரிய கண்டெய்னர் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை செங்கடலைக் கடக்க 7 லட்சம் டாலர் பிரீமியம். சூயஸ் சுங்கம் ஒரு 5 லட்சம் என்று வையுங்கள். மாலுமிகளுக்கு அந்தப் பகுதியில் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. மொத்தம் 12 லட்சத்துக்கு மேல் போகிறது. இனி ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் வழி. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்குச் சுமார் 3,300 கடல் மைல் கூடுதல். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தில் நாளுக்கு 336 மைல்; ஆக பத்து நாள். நாளுக்கு 100 டன் எண்ணெய், டன் 600 டாலர் என்றால் 6 லட்சம். கப்பலின் பத்து நாள் வாடகை ஒரு 4 லட்சம். 10 லட்சத்தில் முடிந்தது, ஏவுகணையும் இல்லை. இந்த எண்கள் கப்பலுக்குக் கப்பல் மாறும், ஆனால் எந்தத் தட்டு கனம் என்பது தெரிந்துவிடும். செங்கடலின் தெற்கு வாயிலான பாபெல் மந்தெப் நீரிணைக்குக் குறுக்கே யாரும் சங்கிலி கட்டவில்லை. பிரீமியம் 0.1-லிருந்து 0.7-க்கு வந்ததுமே வழி அடைபட்டுவிட்டது.

போர்க்கப்பல் வந்தும் கட்டணம் ஏன் இறங்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சில ஆயிரம் டாலர் ட்ரோனைச் சுட்டு வீழ்த்த 20 லட்சம் டாலர் அளவுக்கு விலையுள்ள ஏவுகணை செலவாகிறது. பத்தில் ஒன்பதைத் தடுத்தாலும் காப்பீட்டுக்காரர் பார்ப்பது பத்தாவதைத்தான். 2024 பிப்ரவரியில் அடிபட்ட ‘ரூபிமார்’ சுமார் 21,000 டன் உரத்துடன் மார்ச் 2 அன்று மூழ்கியது. அந்த வாரமே ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். சில கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியில் போய்ச் சேரும் துறைமுகத்தை எழுத வேண்டிய இடத்தில் ‘இஸ்ரேலுடன் தொடர்பில்லை’, ‘மாலுமிகள் அனைவரும் சீனர்’ என்றெல்லாம் எழுதிக்கொண்டு போயின. அதுவும் எப்போதும் உதவவில்லை: சீன முதலாளிக்குச் சொந்தமான ‘ஹுவாங் பு’ மார்ச் 23 அன்று தாக்கப்பட்டது. கப்பல்கள் அடிக்கடி கை மாறும். குறி வைப்பவர் கையில் இருக்கும் பதிவேடு பழையதாக இருக்கும்.

இனி ஃபிரெயிட். ஷாங்காய்–ராட்டர்டாம் 40 அடி பெட்டிக்கு 2023 நவம்பர் கடைசியில் சுமார் 1,200 டாலர். ஜனவரி கடைசியில் 5,000-ஐ நெருங்கியது. ஜூலையில் 8,000-ஐத் தாண்டியது. பத்து நாள் தாமதத்துக்கு ஏன் இத்தனை ஏற்றம்? ஆசியா–ஐரோப்பா சேவை வாராந்தர பஸ் மாதிரி. ஒரு முழுச் சுற்று 11 வாரம் என்றால், வாரம் ஒரு கப்பல் புறப்பட 11 கப்பல் வேண்டும். போக பத்து நாள், வர பத்து நாள் கூடினால் சுற்று 14 வாரம். அதே சேவைக்கு 14 கப்பல். உலகின் மிகப் பெரிய வழித்தடங்களில் ஒன்றில் கால் பங்குக்கு மேல் கூடுதல் கப்பல் ஒரே மாதத்தில் தேவைப்பட்டது. கப்பல் மட்டுமல்ல, பெட்டிகளும் கடலிலேயே கூடுதலாகக் கிடந்தன. தூத்துக்குடியில் காலிப் பெட்டிக்குக் காத்திருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் மேடைப் பேச்சாளர்களின் ‘வாய்ப்பு’ யாருக்குப் போனது என்றால், சும்மா நிற்கும் கப்பல் வைத்திருந்தவருக்கு. கொரோனா காலத்து லாபத்தில் எல்லாக் கப்பல் நிறுவனங்களும் கண்ணை மூடிக்கொண்டு புதுக்கப்பலுக்கு ஆர்டர் கொடுத்திருந்தன. அவை வந்து சேரும் 2024-ல் சந்தை சரியும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். மேர்ஸ்க் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட கணிப்பில் செயல்பாட்டு லாபம் பூஜ்ஜியம் முதல் 500 கோடி டாலர் நஷ்டம் வரை என்றிருந்தது. ஆண்டு முடிவில் வந்ததோ 650 கோடி டாலர் லாபம். பத்து மாதத்தில் அவர்களுக்குப் புது மூளை முளைக்கவில்லை. தப்பாகப் போட்ட ஆர்டரை ஹூதிகள் சரியாக்கிக் கொடுத்தார்கள். ஒரு குண்டும் சுடாத எகிப்துக்குத்தான் பெரிய அடி: சூயஸ் வருமானம் 2023-ல் 1,025 கோடி டாலர், 2024-ல் சுமார் 400 கோடி.

கொழும்புக்கும் லாபம். 2023-ல் சுமார் 69 லட்சம் டி.இ.யூ. (20 அடி பெட்டிக் கணக்கு), 2024-ல் சுமார் 78 லட்சம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு போய்ப் பெரிய தாய்க்கப்பல் மாறும் உங்கள் பெட்டிக்கு இதன் பொருள் வேறு. சுற்றி வரும் தாய்க்கப்பல் நாள் தவறி வரும், யார்டு நிரம்பியிருக்கும், உங்கள் பெட்டி அடுத்த கப்பலுக்கு ‘ரோல்’ ஆகும். துறைமுகத்துக்கு வாய்ப்பு, உங்களுக்குக் காத்திருப்பு.

நீங்கள் கவனிக்க வேண்டியவற்றில் பலர் கோட்டை விடுவது காப்பீட்டில். ‘ஆல் ரிஸ்க்’ என்று வாங்கும் சரக்குக் காப்பீட்டில் போர் சேராது. போர்க் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதையும் காப்பீட்டுக்காரர் ஏழு நாள் நோட்டீஸில் விலக்கிக்கொள்ளலாம். கடலில் இருக்கும்போது மட்டுமே அது செல்லும், கிடங்கில் செல்லாது. இதைவிட முக்கியம், தாமதத்தால் வரும் இழப்பு இவை இரண்டிலும் சேராது. கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்பு ஜனவரியில் போய்ச் சேர்ந்தால் சரக்கு அப்படியே இருக்கிறது. ஒரு பைசா தரமாட்டார்கள்.

‘நாங்கள் எஃப்.ஓ.பி.; ஃபிரெயிட் வாங்குபவர் பாடு’ என்று சொல்வீர்கள். சரக்கு கப்பலேறியதும் ஆபத்தும் அவருடையதுதான். ஆனால் பணம் இன்னும் வரவில்லையே. கப்பல் மூழ்கி, அவரும் காப்பீடு எடுக்காமல் கையை விரித்தால், நஷ்டம் கரூரில்தான் விழும். விற்பவர் நலனுக்கென்று ‘கண்டிஞ்சென்சி’ காப்பீடு இருக்கிறது, விலை குறைவு, கேட்டு வாங்குங்கள். பிறகு, பணம் வரும் நாளை பி.எல். (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) தேதியிலிருந்து எண்ணுகிறீர்களா, சரக்கு சேர்ந்த நாளிலிருந்தா? சேர்ந்த நாளென்றால், 50 லட்ச ரூபாய் இன்வாய்சுக்கு 10 சதவீத வட்டியில் 14 நாள் தாமதம் 19,000 ரூபாயைத் தின்றுவிடும். மாதம் எட்டுப் பெட்டி அனுப்பினால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஃபிரெயிட்டும் காப்பீடும் உங்கள் பொறுப்பாகும் சி.ஐ.எஃப்.பில் விற்பதாக இருந்தால் வேறொரு பொறி. கட்டணம் உச்சத்தில் இருக்கும்போது பயந்துபோய் ஓராண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். கப்பல்கள் சூயஸுக்குத் திரும்பும்போது, 14 கப்பல் வேலையை மறுபடி 11 கப்பல் செய்யும்; மீந்தவை கட்டணத்தைக் கீழே இழுக்கும். திரும்பும் முதல் சில வாரங்களில் குறுக்கு வழியில் வந்ததும் சுற்றி வந்ததும் ஒரே சமயத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் குவியும், அப்போது ஒரு தாமதம் வரும். பாதியை மூன்று மாத ஒப்பந்தத்திலும் பாதியை அன்றாட விலையிலும் வைப்பதுதான் என் யோசனை. போர் சர்சார்ஜை (போர் ஆபத்துக்கான கூடுதல் கட்டணம்) பில்லில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். சூயஸ் வழி சென்ற கப்பலானாலும் முனை சுற்றிய கப்பலானாலும் அது எந்த நிபந்தனையில் நீங்கும் என்று ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் முகவரிடம்) எழுத்தில் வாங்குங்கள். ‘ஆல் இன்’ என்று ஒரே எண்ணாக அவர் கொடுத்தால், கழிய வேண்டிய தொகை அதற்குள்ளேயே தங்கிவிடும்.