மூக்கு எது, வால் எது?

வணக்கம் சார்,

ரேடியோ கன்ட்ரோல் விமானங்களைப் பற்றி உங்கள் தளத்தில் இருக்கும் பழைய பதிவுகளைப் படித்துத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். வயது 58. கோவையில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இரண்டு ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன, 450 என்கிற சின்ன அளவில் ஒரு ஹெலி, 600 என்கிற பெரிய அளவில் ஒரு ஹெலி. ஒரு வருடமாக ஹெலி கொஞ்சம் தூரம் போனாலே மூக்கு எது, வால் எது என்று தெரிவதில்லை. மேகம் மூடிய வெள்ளை வானம் என்றால் ரொம்ப மோசம். போன மாதம் 450 அப்படித்தான் தரையில் குத்தியது. கிளப்பில் பேட்டரி கோளாறு என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் பசங்க வருவதற்கு முன்பே, விடிகிற நேரத்தில் தனியாகப் போய் 600-ஐப் பறக்கவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கேனோபிக்கு, அதாவது ஹெலியின் முன்பக்க மூடிக்கு, என்ன கலர் அடித்தால் நன்றாகத் தெரியும்? கிட்டவும் எட்டவும் ஒன்றிலேயே பார்க்கும் ப்ரோக்ரசிவ் கண்ணாடி சரிப்படுமா? இன்னும் பெரிதாக 700 வாங்கிவிடலாமா? ஆபத்தில் ஹெலியைத் தானே நிமிர்த்தும் ரெஸ்க்யூ வசதி உள்ள கைரோ (ஹெலியை நிலையாகப் பிடித்துவைக்கும் கருவி) போடச் சொல்கிறார்கள், எனக்கு அது ஏமாற்று வேலையாகப் படுகிறது. மனைவி கேமரா டிரோன் வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். வயதானால் விட்டுவிட வேண்டியதுதானா?

பி.கு: 8 வருடமாகச் சர்க்கரை உண்டு. கட்டுக்குள்தான் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வந்த கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதே விஷயம் கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததுதான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, நானும் அண்ணாந்து பார்த்து நிற்கிறவன், என்னோடு பறக்கவிட ஆரம்பித்தவர்களில் பலரும் ஒவ்வொருவராக மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் முதுகு வலி என்பார்கள், பேரன் வந்திருக்கிறான் என்பார்கள். கண் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

முதலில் உங்கள் பின்குறிப்பு. கேனோபி கலரை மேலே கேட்டுவிட்டு 8 வருடச் சர்க்கரையைப் பின்குறிப்பில் போடுகிறீர்கள். ஒரு மோட்டார் அதிர்கிறது என்றால் நீங்கள் மில்லில் அதற்கு மேலே பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருப்பீர்களா? சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைக் காட்டியாக வேண்டும், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் காட்ட வேண்டும், ஏனென்றால் விழித்திரையில் வரும் பாதிப்பு ரொம்ப தூரம் போகிறவரை வலிக்காது, தெரியவும் தெரியாது. அது போக, சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடி பவரே தற்காலிகமாக மாறும். ஒரு வாரம் தெளிவாகத் தெரிந்த ஹெலி அடுத்த வாரம் மங்கலாகத் தெரிந்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், கண்ணைக் காட்டினேன் என்று எழுதவில்லை. கடிதத்தை இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அடுத்தது, இதை வயது என்று ஒரே வார்த்தையில் முடிப்பது. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து கிட்டப் பார்வையைத்தான் கெடுக்கும். கண்ணின் லென்ஸ் இறுகிப்போய் பக்கத்தில் இருப்பதற்கு வளைந்துகொடுக்காது. அதனால் ட்ரான்ஸ்மிட்டர் ஸ்கிரீனில் உள்ள எழுத்து தெரியாமல் போகலாம், ஐம்பது மீட்டரில் இருக்கும் ஹெலி தெரியாமல் போகாது. வெள்ளை வானத்தில் மோசம், தூரத்தில் மூக்கும் வாலும் பிரிந்து தெரிவதில்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கண்புரைச் சந்தேகம் வருகிறது. புரை ஆரம்பிக்கும்போது லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறும். இருட்டறையில் கறுப்பு எழுத்துப் பலகையைக் காட்டினால் கடைசி வரி வரை படித்துவிடுவீர்கள், டாக்டரும் பரவாயில்லை என்பார், ஆனால் பளீரென்ற வானத்தைப் பின்னால் வைத்துப் பார்த்தால் கேனோபியின் மஞ்சளும் கறுப்பும் ஒன்றாகிப் போயிருக்கும். ஆகவே டாக்டரிடம் போய் 'பார்வை மங்கல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். வெளிச்சமான வானத்தில் தூரத்துப் பொருளின் வடிவம் பிரிந்து தெரியவில்லை என்று விளக்கமாகச் சொல்லுங்கள். கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். புரைதான் என்று முடிவானால், உள்ளே வைக்கிற லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் பொழுதுபோக்கைச் சொல்லிப் பேசுங்கள். கிட்டவும் எட்டவும் சேர்த்துக் காட்டும் மல்டிஃபோகலில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். தூரத்துக்கென்றே உள்ள மோனோஃபோகல் வானம் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும், ஸ்கிரீன் படிக்க ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டால் போதும்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வேகமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கலர்: எந்தக் கலரும் தூரத்தில் கலராகத் தெரியாது, வெளுப்பும் கறுப்புமாகத்தான் தெரியும், அதனால் முன்பக்கம் ஃப்ளோரசன்ட் மஞ்சள், அடிப்பக்கம் அடர் கறுப்பு, வால் துடுப்பில் அகலமான ஒரே பட்டை, அவ்வளவு போதும், கேனோபியில் வருகிற நெருப்பு ஜ்வாலை ஸ்டிக்கர் எல்லாம் கையில் வைத்துப் பார்க்க மட்டும்தான் அழகு. கண்ணாடி: ப்ரோக்ரசிவ் வேண்டாம், பக்கவாட்டில் பார்வை கலங்கும், தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் சில கோணங்களில் ட்ரான்ஸ்மிட்டர் ஸ்கிரீன் கறுத்துப்போகும், வாங்கும் முன் ட்ரான்ஸ்மிட்டரைக் கடைக்கே எடுத்துப் போய்ப் பாருங்கள். டிரோன் வேறு விளையாட்டு, அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

700 வேண்டாம். கணக்குச் சொல்கிறேன். 6/6 என்கிற குறையில்லாத பார்வை உள்ள கண் 100 மீட்டரில் ஏறத்தாழ 3 செ.மீ. அளவுள்ள விவரத்தைப் பிரித்துப் பார்க்கும். 6/12 ஆகிவிட்டால் அது 6 செ.மீ. உங்கள் 450-இன் வால் துடுப்பே சில செ.மீ.தான், ஆகவே பெரிய ஹெலி தெளிவாகத் தெரியும் என்பது சரி. ஆனால் பெரிய ஹெலியை யாரும் 450 போன தூரத்தில் நிறுத்துவதில்லை, இன்னும் தள்ளித்தான் அனுப்புகிறோம், கிடைத்த லாபம் அங்கேயே போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 5 கிலோ எடையும், நிமிடத்துக்கு 2000 சுற்றில் நுனி வேகம் மணிக்கு 600 கி.மீ.யைத் தொடுகிற இரண்டு பிளேடுகளும்தான். காசு செலவழிப்பதற்குப் பதிலாகத் தூரத்தைக் குறையுங்கள்.

ரெஸ்க்யூ ஏமாற்று வேலை என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. 1970 வாக்கில் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் மாடல் ஹெலியை ஒழுங்காகப் பறக்கவைத்துக் காட்டிய நாட்களில் வாலைப் பிடித்து நிறுத்தக்கூட கைரோ கிடையாது, விரலும் கண்ணும்தான். அப்புறம் வாலுக்கு கைரோ வந்தது, மேலே சுழன்று ஹெலியை நிலையாக வைத்த ஃப்ளைபார் கம்பி போய் அந்த வேலையும் எலக்ட்ரானிக்ஸுக்குப் போனது. அதையெல்லாம் வாங்கி மாட்டிக்கொண்டுதானே நீங்களும் நானும் பறக்கவிடுகிறோம்? பட்டனைத் தட்டினால் ஹெலி எந்தக் கோலத்தில் இருந்தாலும் நேராகி மேலே ஏறும் என்றால், அதை முதலில் போட வேண்டியவர் நீங்கள்தான். போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு தடவை பறக்கவிடும்போதும் நல்ல உயரத்தில் ஒரு முறையாவது தட்டிப் பழகுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் விரல் அங்கே போகாது.

மூக்கு எது, வால் எது என்ற இந்தக் குழப்பம் விமானம் பறக்கவிடுகிறவர்களுக்கு முழுதாகப் புரியாது. விமானம் மூக்கு இருக்கும் பக்கம்தான் போகும், அதனால் அசைவை வைத்தே திசையைக் கண்டுபிடித்துவிடலாம். ஹெலி பின்னாலும் போகும், பக்கவாட்டிலும் போகும். போகிற திசையை வைத்து மூக்கைக் கண்டுபிடிக்க முடியாது. மூக்கு நம்மைப் பார்த்து இருந்தால் இடது வலது நம் கண்ணுக்கு மாறிவிடும், தப்பாக ஊகித்தால் காப்பாற்ற நாம் தள்ளுகிற ஸ்டிக்கே அதைக் கவிழ்க்கும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு வினாடியில் 20 மீட்டர். அந்த ஒரு வினாடியில் கண்ணுக்குத் தெரியாததை மனசு தானாகவே நிரப்பிக்கொள்கிறது, நமக்கும் நிஜமாகப் பார்த்த மாதிரியே இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு பொருளை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் தனியாகப் போகிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள். அறுபது வயதுக் கண்ணில் பாப்பா இருபது வயதில் விரிந்ததுபோல விரியாது, லென்ஸும் மஞ்சளித்திருக்கும், மங்கிய வெளிச்சத்தில் விழித்திரைக்குப் போய்ச் சேருவது இளவயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பசங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, உங்கள் கண்ணுக்கு ஆகவே ஆகாத நேரத்தில், அடிபட்டால் ஓடிவர ஆளில்லாத இடத்தில் 600-ஐச் சுழலவிடுகிறீர்கள். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில், தான் பறக்கவிட்ட ஹெலியே தலையில் பட்டு 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். 19 வயதில் அது நடக்கும் என்றால் 58-இல் நடக்காதா? காலையில் அந்தப் பக்கம் வாக்கிங் போகிறவர்கள் இருக்க மாட்டார்களா?

பேட்டரி என்று சொன்ன பொய்யும் சின்னது இல்லை. அதே பேட்டரி வைத்திருக்கும் ஒரு பையன் இந்நேரம் அதைச் சந்தேகப்பட்டுத் தூக்கிப்போட்டிருப்பான்.

என் தாய்மாமா ராயபுரத்தில் புறா வளர்த்தார். வடசென்னையில் புறாப் பந்தயம் என்பது பெரிய விஷயம், இன்றைக்கும்தான். கர்ணப்புறா குட்டிக்கரணம் அடிக்கும், சாதாப்புறா மேலே ஏறிப் புள்ளியாகி மணிக்கணக்கில் நிற்கும். மாமாவிடம் இருந்தவை சாதா. பள்ளிக்கூடம் விட்டதும் நான் மொட்டைமாடிக்கு ஓடுவேன், அவர் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு "எங்கடா நிக்குது, சொல்லு பாப்போம்" என்பார். "சர்ச் கோபுரத்துக்கு வலது பக்கம் மாமா, மூணு விரக்கடை மேல" என்பேன். "ம்" என்று தலையாட்டுவார். என்னைப் பரீட்சை வைக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் புறாவுக்கு மேலே இன்னொரு புள்ளி வந்தது. "மாமா, பைரி!" என்று கத்தினேன், பைரி என்றால் புறாவை அடிக்கும் வல்லூறு. அவர் எழுந்து நின்று பதறிக்கொண்டு பார்த்தது வேறு ஒரு திசையில். சர்ச் கோபுரம் அவருக்குப் பின்னால் இருந்தது.

புறா தப்பித்து இறங்கிவிட்டது. நான் பார்த்ததை அவரும் கவனித்தார், எதுவும் பேசவில்லை. கொஞ்ச நாளில் பந்தயத்தில் நேரத்தை மாற்றி எழுதுகிறார்கள் என்று காரணம் சொல்லி எல்லாப் புறாவையும் விற்றார். பல வருடம் கழித்துத்தான் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டார். கட்டுப் பிரித்த கையோடு மாடிக்குப் போய், யாருடையவோ புறாக்கள் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "அப்பவே பண்ணியிருக்கலாம்டா" என்றார்.

அவர் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கத்தான் செய்கிறது. "எனக்குத் தெரியலடா, நீ பார்த்துச் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தினமும் அங்கே உட்கார்ந்திருப்பேன். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய வேலை என்ன இருந்தது? என்னை ஒரு ஆளாக மதித்து ஒருவர் தன் கண்ணாக வைத்துக்கொண்டார் என்பது அவர் புறாக்களை விற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது, அது அவரே சொல்லி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பார்கள் என்று நீங்கள் பயப்படும் பசங்களில் ஒருவனிடம் போய்ச் சொல்லுங்கள். ஒருவன் சிரிக்கலாம். மற்றவன் அடுத்த ஞாயிறு உங்களுக்கு முன்பே வந்து நிற்பான். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. அவர் கையை மறைத்துக்கொண்டு ஒதுங்கவில்லை, அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு, பிடித்துப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அந்த மருத்துவமனையின் கிளை உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

பக்கத்தில் ஆள் நிற்பது சலுகையும் இல்லை. பறக்கும் பொருளில் கேமரா வைத்து, அது காட்டுவதைக் கண்ணில் மாட்டிய திரையில் பார்த்துப் பறக்கவிடும் எஃப்பிவி-க்கு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கூட ஒருவர் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. நல்ல கண் உள்ளவர்களுக்கும்தான். நிற்கிறவனிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: 'மூக்கு', 'வால்', 'இடது', 'வலது', 'ரெஸ்க்யூ'. இந்த ஐந்து வார்த்தை தவிர எதுவும் பேசக்கூடாது. "சார் பாத்து சார்" என்று கத்தினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால், நீங்கள் பார்க்கும் அதே கோணத்தில் நிற்க வேண்டும், எதிர்ப்பக்கம் நின்றால் அவன் சொல்லும் இடது உங்களுக்கு வலதாகிவிடும். வெயில் உங்கள் இருவர் முதுகிலும் இருக்கட்டும். முதலில் சிமுலேட்டரில் இரண்டு பேரும் உட்கார்ந்து பழகுங்கள், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அவன் சொல்லச் சொல்ல மூக்கைத் திருப்புங்கள். காது பழகிவிட்டால் கை தயங்காது.

விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்டிருந்தீர்கள். விழித்திரை ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாரமே காட்டுங்கள், சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட வேறு யாரையாவது கூட்டிப் போங்கள். ரிப்போர்ட் வரும்வரை 600 பெட்டியிலேயே இருக்கட்டும். அப்புறம் எனக்கு எழுதும்போது, கிளப்பில் யாரிடம் சொன்னீர்கள், அந்தப் பையன் என்ன சொன்னான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.