இரண்டு வயதும் இரண்டு மொழியும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. வீட்டில் மாமியார் தமிழ். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் ஆங்கிலம். ‘பஸ் போச்சு’, ‘மோர் (more) பால்’ என்று கலந்தே பேசுகிறான். தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன், முப்பதுகூடத் தேறவில்லை. பிள்ளை குழம்பிவிட்டான், இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். தமிழை நிறுத்திவிடலாமா?

வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். ‘பஸ் போச்சு’ என்றால் இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரு சேதி சொல்லிவிட்டான் என்று பொருள். இந்த வயதில் கவனிக்க வேண்டியது அதைத்தான். எந்தச் சொல் முதலில் வாயில் வருகிறதோ அதைப் போட்டுப் பேசுகிறான், அவ்வளவுதான். தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது நாம் மட்டும் என்ன சுத்தத் தமிழா பேசுகிறோம்?

இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு வயதுக்கு ஏறக்குறைய 50 சொல் என்பது பொதுவான கணக்கு. அரைகுறை உச்சரிப்பும் சேர்த்தி. தண்ணீரைப் பார்த்து எப்போதும் ‘ண்ணி’ என்றால் அது ஒரு சொல்.

பள்ளியில் தமிழ் படிக்கத்தானே போகிறான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதும் சரியில்லை. ஆறு மாதக் குழந்தையின் காது அந்நிய மொழி ஒலிகளையும் நன்றாகப் பிரித்தறியும். ஒரு வயதை நெருங்கும்போது, அன்றாடம் கேட்கும் மொழியின் பக்கம் சாய்ந்துவிடும். அதுவும் ஆள் பேசிக் கேட்கவேண்டும். 2003இல் வெளிவந்த, குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பட்ரீஷியா கூல் குழுவினரின் ஆய்வில், அமெரிக்காவின் 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் நேரில் விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதையே காணொளியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. தள்ளுவண்டியில் கைப்பேசியை மாட்டிவிடும் பெற்றோரை எம்ஆர்டி ரயிலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். உங்கள் மாமியார் செய்வது பெரிய வேலை.

‘மோர் பால்’ என்று கேட்டால் திருத்தாதீர்கள். ‘இன்னும் பால் வேணுமா? இரு, சூடா இருக்கு, ஆத்தித் தர்றேன்’ என்று நீட்டிப் பேசுங்கள். பேசிவிட்டு, அவன் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள்.

ஆனால் ‘ரெண்டு மொழி, அதான் லேட்டு’ என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடவும் கூடாது. இரு மொழியால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, சைகை காட்டாமல் ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் புரியவில்லை, முன்பு சொன்ன சொற்கள் மறைந்துபோயின என்றால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும், பிறகு சளியால் காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவதுண்டு.