கடைமடைக்குத் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் பேராவூரணிப் பக்கம். ஏழு வருடமாகச் சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. மார்ச்சில் கிரைண்டிங் டிஸ்க் உடைந்து, வலது முழங்கைக்கு நாலு விரல் கீழே வெட்டிவிட்டது. அறுந்த நரம்பைத் தைத்தார்கள். நாலு மாதமாகியும் சுண்டுவிரலில் உணர்ச்சியே இல்லை. தெரப்பியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய மனசு வரவில்லை. கூட்டாளிகள் தினமும் தன்னம்பிக்கை வீடியோ அனுப்புகிறார்கள். பார்க்கப் பார்க்க என்னிடம்தான் ஏதோ குறை என்று தோன்றுகிறது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள் என்கிறது கம்பெனி. அம்மாவிடம் லேசான வெட்டு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். மன உறுதியை எப்படி வரவழைப்பது?

ர., துவாஸ்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படித்ததும் ஸ்கேலை எடுத்து என் கையை அளந்தேன். முழங்கைக்கு நாலு விரல் கீழிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். தைத்த நரம்பு ஒரு நாளைக்கு சுமாராக 1 மில்லிமீட்டர்தான் வளரும். முதல் சில வாரங்கள் அதுகூட இராது. அப்படியானால் உங்கள் நரம்பு இப்போது மணிக்கட்டுக்குக்கூட வந்திருக்காது. விரல் நுனிக்கு வர ஒரு வருடத்தை ஒட்டி ஆகும். சுண்டுவிரல் மரத்துக் கிடப்பது உங்கள் மனசின் குறையால் அல்ல. இன்னும் நாள் ஆகவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தால், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு அன்றைக்கே தண்ணீர் வருமா? வராத தண்ணீருக்காக யாரும் தன்னை நொந்துகொள்வதில்லை. ஆனால் வருவதற்குள் வாய்க்காலைத் தூர்வாரி வைத்துவிடுவார்கள். உங்கள் பயிற்சியும் அதுதான். விரலை மடக்குவதாலும் நீட்டுவதாலும் நரம்பு வேகமாக வளர்ந்துவிடாது. அது வந்து சேரும் நாளில் மூட்டு இறுகிப் போயிருக்கக் கூடாது, அதற்காகச் செய்கிறோம்.

எனக்கு ஆறு வருடத்துக்கு முன் சமையலறையில் கண்ணாடி போத்தல் உடைந்து மணிக்கட்டில் இதே நரம்பு அறுந்தது. பயிற்சி செய்ய ஒரு நாளும் மனசு வந்ததில்லை. மகளுக்குச் சடை பின்ன முடியாமல், தினமும் காலையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சீப்போடு அவளை அனுப்புவேன். அதற்கு அழுதிருக்கிறேன். கடைசியில் மனசைக் கேட்பதையே விட்டேன். காலைக் கோப்பி குடித்து முடித்ததும், டம்ளரைக் கழுவுவதற்கு முன், அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுப் பத்து நிமிடம் அளைவேன். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும்.

இன்னொன்றும் செய்தேன். தெரப்பிஸ்ட் என் கையை விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். ஒரு இடத்தில் சுண்டுவிரலுக்குள் சுருக்கென்று மின்சாரம் பாயும். நரம்பு அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, வெட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த மாதம் புள்ளி கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது. எந்த வீடியோவும் தராத தெம்பை எனக்கு அந்தப் புள்ளி தந்தது. உங்கள் தெரப்பிஸ்ட்டிடமும் கேளுங்கள்.

முழுசாகத் திரும்பிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் சட்டைப் பித்தான் போட நேரமாகிறது. சடை பின்னுகிறேன், கொஞ்சம் தளர்வாக. உணர்ச்சி வரும்வரை சூடான பாத்திரத்தை அந்தக் கையால் தொடாதீர்கள். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

இனி கம்பெனி விஷயம். உங்கள் மனசை அழுத்துவதில் பாதி இதுவாகத்தான் இருக்கும், இதற்கு உறுதி மட்டும் போதாது. சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் கோரிக்கை வைத்துவிட வேண்டும். எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில், இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தால் 60 நாள்வரை, வெளிநோயாளி என்றால் 14 நாள்வரை முழுசாக. அதற்குப் பிறகு ஒரு வருடம்வரை மூன்றில் இரண்டு பங்கு. கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று மனிதவள அமைச்சிடம் நீங்களே கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காயம்பட்ட ஊழியர்களுக்கு உதவுகிற டிடபிள்யூசி2, ஹெல்த்சர்வ் இரண்டிலும் விசாரிக்கலாம். ஹெல்த்சர்வில் மனசு விட்டுப் பேசவும் ஆள் இருக்கிறார்கள். போய் வாருங்கள், தம்பி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கடைமடைக் கணக்கை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இந்த மாதப் புள்ளி எத்தனை சென்டிமீட்டரில் விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா