கொதிக்க வைத்த கறிதானே, அப்புறம் எப்படி?

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மறுவீட்டு விருந்தில் மீந்த ஆட்டுக்கறி ராத்திரி முழுக்க அண்டாவோடு அடுக்களையில் இருந்தது. காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆப்பத்துக்கு ஊற்றினேன், எல்லாரும்தான் சாப்பிட்டோம். மதியத்துக்குள் அவருக்கு மட்டும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. மறுநாள் ராத்திரி பேச்சு குழறி, சிறுநீரும் போகாமல் நின்ற பிறகுதான் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். இப்போது டயாலிசிஸ் செய்கிறார்கள். நான் எதையோ கலந்து கொடுத்துவிட்டதாகக் கணவரின் அக்கா சொல்கிறார். கிட்னி திரும்புமா? கொதித்த கறி எப்படி விஷமாகும்?

- வாசகி, கருங்கல்

பதில்: முதலில் கிட்னி. பெரும்பாலும் திரும்பும் சகோதரி. வாந்தியிலும் போக்கிலும் தண்ணீரும் உப்பும் வடிந்து, கிட்னிக்குப் போகிற ரத்தம் குறைந்ததால்தான் அது நின்றிருக்கும். இப்படித் திடீரென நின்ற கிட்னி பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் மறுபடி வேலை செய்யத் தொடங்கும், சிலருக்கு மாதக்கணக்கும் ஆகும். டயாலிசிஸ் என்றாலே ஆயுளுக்கும் அதுதான் என்று பதற வேண்டாம். ஆனால் சர்க்கரையால் முன்பே கிட்னி பழுதாகியிருந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம், அதனால் பழைய கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி எடுத்து டாக்டரிடம் கொடுங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள், செவ்விளநீரும் மட்டிப்பழமும் வந்துவிடும். சிறுநீர் பிரியாத நேரத்தில் அவற்றிலுள்ள பொட்டாசியம் உடம்பிலேயே தங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அன்போடு கொண்டுவருவார்கள், மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கறி. பெரிய அண்டாவில் கறி ஆற மணிக்கணக்காகும். அந்த இளஞ்சூட்டில் கிருமி பெருகுகிறது, சில வகைக் கிருமிகள் விஷத்தையும் கக்கிவிடுகின்றன. காலையில் கொதிக்க வைக்கும்போது கிருமி சாகும், ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை விட்டுப்போன விஷம் கொதியிலும் அழியாது. வாசனையிலும் ருசியிலும்கூடத் தெரியாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வந்தது என்பதைப் பார்த்தால் இந்த வகையாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அண்டா முழுக்க விஷம் ஒரே அளவில் இருக்காது, எல்லாரும் ஒரே அளவு சாப்பிட்டிருக்கவும் மாட்டீர்கள். உங்களுக்கு ஒன்றும் செய்யாத அளவே வயதும் சர்க்கரையும் உள்ளவரைப் படுக்கவைத்துவிடும். யாரும் எதையும் கலக்கத் தேவையில்லை. கணவரின் அக்காவையும் ஒருநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி உங்கள் கணவரிடம் கேளுங்கள், இதை அவர் டாக்டர் வாயால் கேட்பது நல்லது. மாமியார் படுத்திருக்கும் நேரத்தில் இந்தப் பழியையும் நீங்கள் சுமப்பது கொடுமை, அதைப் பேசித் தீர்க்க வேண்டியது உங்கள் கணவர்.

இனி மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மழைக்காலத்தில் கரண்டு போய் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் அணைந்து கிடந்தால், எவ்வளவு கறி என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது மாத்திரைகள். வாந்தியும் போக்குமாக இருக்கும்போதும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வழக்கம்போல விழுங்குகிறவர்கள் நிறைய. பிரஷருக்கான டெல்மிசார்டன், லோசார்டன், நீர் மாத்திரை இவையெல்லாம் அந்த நேரத்தில் கிட்னியை இன்னும் நெருக்கும், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடலாம். இனி வீட்டில் யாருக்காவது அப்படி வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு எதை நிறுத்துவது என்று கேளுங்கள், இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முட்டுவலிக்கென்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை அறவே வேண்டாம். சர்க்கரை ஏறிவிடும் என்று ஓ.ஆர்.எஸ். (உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசல்) கொடுக்கப் பயப்படுகிறார்கள், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும் நல்லது. ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, பேச்சு தடுமாறுகிறது, மலத்தில் ரத்தம், எது குடித்தாலும் வாந்தி, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிரியாட்டினினை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள், மூன்றாவது மாதம் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். கிட்னியில் நிரந்தரமாகப் பழுது தங்கிவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.