புகலிட நாட்டில் புலமை

கேள்வி: போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற என் தமையனார் கணித ஆசிரியர், பாரிசில் கோப்பை கழுவியே முதுமை கண்டார். அகதியாக வந்தவரின் கல்வியை மதித்த நாடு எதுவும் உண்டா?
- வாசகி, கொக்குவில்

பதில்: உண்டு. 1933இல் ஹிட்லரின் அரசு யூதப் பேராசிரியர்களைப் பதவிநீக்கியபோது, அதே ஆண்டில் சீரமைக்கப்பட்ட இஸ்தான்புல் பல்கலைக்கழகம் அவர்களுட் பலரைப் பேராசிரியர்களாகவே அழைத்துக்கொண்டது. அவர்கள் விரிவுரையாற்ற, உடன் நின்ற துருக்கிய உதவியாளர்கள் அதை மாணவருக்கு மொழிபெயர்த்தார்கள். மொழி தெரியாமை அங்கே தடையாகக் கொள்ளப்படவில்லை. துருக்கி மொழியைக் கற்க அவகாசமும் கொடுக்கப்பட்டது. உங்கள் தமையனாருக்குக் கிடைக்காதது இந்த அவகாசமே என்று கருதுகிறேன்.

பிரித்தானியா தயங்கியது. 1939இல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், தம் தகுதிக்குரிய பொறுப்பின்றி ஆக்ஸ்போர்டில் ஆய்வுப் பணியில் இருந்தார். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு சிதைந்த போர்வீரருக்கான பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறப்பார்கள் எனக் கைவிடப்பட்டவர்களை, இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும்படி பணித்து, அவர் பிழைக்க வைத்தார். 1948இல் அங்கு சக்கரநாற்காலியில் அமர்ந்தோருக்காக அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்தே இன்றைய பராலிம்பிக் விளையாட்டுகள் வளர்ந்தன.