தம்பியை எங்கே கொண்டுபோய் விடுவது?

கேள்வி: நாங்கள் விசுவமடுப் பக்கம். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தம்பிக்கு 24 வயது, டிப்பர் ஓடுகிறான். ஒன்றரை வருடமாக ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கிறான் என்பது எங்களுக்கு இப்போதுதான் விளங்கியது. இரவு ஓட்டத்துக்கு நித்திரை வராமல் இருக்கத்தான் முதலில் எடுத்தானாம். இப்போது மூன்று நாள் கண் மூடமாட்டான், பிறகு இரண்டு நாள் எழும்பமாட்டான். போன கிழமை நடுச்சாமத்தில் தண்ணி மோட்டாரைக் கழற்றி, ஆணிகளைப் பேப்பரில் வரிசையாக அடுக்கிவைத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். விடிந்த பிறகு அதைத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. வேலிக்கு அங்கால ஆட்கள் நின்று தன்னைப் பார்க்கிறார்கள் என்கிறான். தெளிவாக இருக்கும் நேரத்தில் “என்னை எங்கயாவது கொண்டுபோய் விடு அக்கா” என்று அழுகிறான். தெற்கில் அரசாங்க நிலையம் இருக்கிறது என்கிறார் ஒருவர். காசு கட்டும் தனியார் இடம்தான் நல்லது என்கிறார் இன்னொருவர். ஜெபம் செய்து மாற்றும் இடம் ஒன்றையும் சொல்கிறார்கள். மாமா 2009 இல் முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து அம்மாவுக்குப் புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டாலே நடுக்கம். ஆனாலும் காணியை ஈடுவைக்கவும் தயார் என்கிறா. எதைத் தெரிவுசெய்வது? ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வருமா?
— ஒரு அக்கா, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது “என்னைக் கொண்டுபோய் விடு” என்று அவரே கேட்பதுதான். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வசனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதை வீணாக்கக் கூடாது, அவசரத்தில் பிழையான வாசலில் கொண்டுபோய் நிறுத்தவும் கூடாது.

எந்த இல்லம் என்று யோசிக்க முதல், அவரை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியும் சரி, முல்லைத்தீவின் மாஞ்சோலை ஆஸ்பத்திரியும் சரி, உங்களுக்கு எது கிட்டவோ அது. வேலிக்கு அங்கால ஆட்கள் நிற்பதாகத் தெரிவது ஐஸ் மூளையில் செய்கிற வேலை. பாவனையை நிறுத்தினால் அது பெரும்பாலும் சில நாட்களில் அல்லது சில கிழமைகளில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது, வேறு மனநோய் உள்ளே இருந்திருக்கலாம். அதை வைத்தியர்தான் பிரித்தறிய வேண்டும், எந்த இல்லத்து முகாமையாளராலும் முடியாது. தேவைப்பட்டால் சில நாள் வார்டில் வைத்து, நித்திரைக்கும் பயத்துக்கும் மருந்து கொடுப்பார்கள். அதுவரை வீட்டில் “அங்க ஒருத்தரும் இல்லை, உனக்குப் பைத்தியமா” என்று வாதாடாதீர்கள். “எனக்குத் தெரியேல்லை, ஆனா நான் உன்னோட இருக்கிறன்” என்று சொன்னால் போதும். நெஞ்சு நோவு, மூச்சு முட்டு, வலிப்பு, ஒரு பக்கம் விறைப்பு என்று ஏதாவது வந்தால் யோசிக்காமல் 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

பொலிஸ் பயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்திலேயே பலர் வீட்டுக்குள் பூட்டிவைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். வருத்தம் என்று வருகிறவரைப் பிடித்துக் கொடுப்பது வைத்தியரின் வேலை இல்லை. பயப்பட வேண்டியது சட்டைப் பைக்குள் இருக்கும் பொருளுக்கு. 2022 இல் திருத்திய சட்டப்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்த குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. நண்பனுக்காக ஒரு பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்த பொடியனும் அந்தக் கணக்குக்குள் வரலாம். இதைத் தம்பிக்கு மிரட்டலாக இல்லாமல், தெளிவாக இருக்கும் ஒரு காலையில் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. ஐஸை விடுவதும் தூளை, அதாவது ஹெரோயினை, விடுவதும் ஒன்றில்லை. தூளை விட்டால் உடம்பு முறியும், வாந்தி வரும், பார்க்கிறவர்களுக்கே தெரியும். ஐஸை விட்டவர் நாள்கணக்கில் நித்திரை கொள்வார், எழும்பி அகோரப் பசியில் சாப்பிடுவார், வீட்டுக்காரரும் “அப்பாடா, சுகமாகிட்டான்” என்று மூச்சு விடுவார்கள். உண்மையில் அந்த முதல் ஒன்றிரண்டு கிழமைதான் பயங்கரமானது. மனம் அடியோடு விழும், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வரும். உங்கள் வீட்டில் வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது? கோடிப்புறத்திலா, கட்டிலுக்குக் கீழேயா? கடிதத்தைப் படித்து முடித்தவுடன் அதை எடுத்து வேறு ஒரு வீட்டில் கொடுத்துவையுங்கள். அந்த நாட்களில் அவரைத் தனிய விடாதீர்கள். அவருக்கோ உங்களுக்கோ தாங்கமுடியாமல் போனால் 1926 க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசுவார்கள்.

சரி, இனி இல்லம். எல்லாருக்கும் தங்கிச் சிகிச்சை தேவையில்லை. நல்ல நித்திரை, கிளினிக், கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணை, வீட்டில் ஒரு உறுதியான ஆள் என்று வெளியிலிருந்தே மீண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பிக்கு மாயத்தோற்றம் வந்துவிட்டது, வேலை செய்யும் இடத்திலேயே பொருள் கிடைக்கிறது, அவரும் வெளியே போகக் கேட்கிறார். அதனால் கொஞ்சக் காலம் இடம் மாறி இருப்பது நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அரசாங்கத்தில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நடத்தும் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களில் இருக்கின்றன. 1927 க்கு எடுத்து, வெறுமனே இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், தமிழில் உளவளத்துணை செய்ய ஆள் இருக்கிறாரா, எத்தனை நாள் அந்த ஆள் அங்கே இருப்பார் என்றும் கேளுங்கள். இந்தச் சிகிச்சையில் பாதிக்கு மேல் பேச்சுத்தான். மனம் விட்டுப் பேச மொழி இல்லாத இடத்தில் மூன்று மாதம் இருந்தால் மூன்று மாதம் ஐஸ் கிடைக்காமல் இருந்ததாகத்தான் முடியும். தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறார் என்றால் தூரத்தைப் பார்க்காதீர்கள். வன்னியிலிருந்து இரவு பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான்.

தனியார் இடத்தைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. ஒரு தாயோடு ஒரு இல்லத்தைப் பார்க்கப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். முன்பக்கம் பூமரம், சுவரில் நல்ல வாசகங்கள். நான் குசினிக்குப் போகிற சாட்டில் பின்பக்கம் போனேன். ஒரு அறைக்கு வெளியில் இருந்து ஆமைப்பூட்டு. கதவின் கீழ் இடைவெளியில் ஒரு அலுமினியக் கோப்பை, அதில் தொடாத சோறு காய்ந்து கிடந்தது. “இது ஆருக்கு?” என்று கேட்டேன். “சொல்லுக் கேக்காத ஆக்களுக்கு” என்றார்கள். அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டா. அடித்தும் பூட்டியும் ஐஸை விடவைத்ததாகச் சொல்லும் எந்த இடத்துக்கும் ஒரு பிள்ளையையும் அனுப்பாதீர்கள், அதை மதத்தின் பெயரால் செய்தாலும் சரி. ஜெபமும் கோயிலும் அவருக்குத் துணையாக இருந்தால் மிக நல்லது, மருந்தை நிறுத்தச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஆகவே நேரில் போய்ப் பாருங்கள். வைத்தியர் எந்தக் கிழமையில் வருகிறார், அவர் பெயர் என்ன, தம்பி குடிக்கிற மருந்து தொடருமா, வீட்டுக்குப் போன் எடுக்க விடுவார்களா, வேண்டாம் என்று அவர் சொன்னால் வெளியே வர முடியுமா, காசு கட்டியதற்குப் பற்றுச்சீட்டு உண்டா? இவற்றில் ஒன்றுக்கு முகம் சுளித்தாலும் எனக்கு அந்த இடம் வேண்டாம். ஐஸுக்கு என்று விசேட ஊசி, விசேட மாத்திரை இருக்கிறது என்று யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள். தூளுக்கு உலகில் மாற்று மருந்துகள் உண்டு, ஐஸுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. பயன் தருவதாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது பேச்சுவழிச் சிகிச்சையும், சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் உடனேயே ஒரு சின்னப் பரிசு கொடுக்கும் முறையும்தான். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் ஐஸுக்கு இதுவரை பார்த்ததில் அதற்குத்தான் அதிக பலன். இதற்காக அம்மா காணியை ஈடுவைக்க வேண்டாம். வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கு அந்தக் கடனே ஒரு காரணமாகிவிடும்.

அம்மாவின் நடுக்கத்தைப் பற்றி. வன்னியில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு என்ற பெயரில் உள்ளே இருந்து வந்தார்கள், வவுனியாவில் அப்படி ஒரு முகாம் இருந்த பூந்தோட்டம் என்றால் இன்றும் பல தாய்மாருக்குப் பூ ஞாபகம் வராது. அவவிடம் அந்தச் சொல்லையே பாவிக்காதீர்கள். “சிகிச்சைக்குப் போறான், நாங்கள் போய்ப் பாக்கலாம், அவன் வரவேணும் எண்டா வரலாம்” என்று சொல்லுங்கள். முடிந்தால் இடம் பார்க்கப் போகும்போது அவவையும் கூட்டிப் போங்கள்.

இப்படியான சிகிச்சைக்கு மூன்று மாதம் என்கிறார்கள் அல்லவா, அது வெறும் கணக்கில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையில் பலன் குறைவு என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. அதில் தங்கியிருக்கும் காலத்தோடு பிறகு கிளினிக்குக்குப் போகும் காலமும் சேரும். நான் உங்களிடம் கேட்பது 91 ஆவது நாளைப் பற்றி. தம்பி பஸ்ஸால் இறங்கி வருகிறார். அடுத்த நாள் காலை என்ன வேலை? பழையபடி இரவு டிப்பர் என்றால், நித்திரை முழிக்க எடுத்த பொருளிடமே திரும்ப அனுப்புகிறீர்கள். அறுவடைக் காலம் இன்னும் மோசம், ஓட்டம் கூட, கையில் நாள்காசு கூட. அவர் உள்ளே இருக்கும்போதே பகல் வேலை ஒன்றைப் பேசி வையுங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. முதல் ஆறு மாதம் சம்பளம் அவர் சம்மதத்தோடு உங்கள் கையில் வரட்டும். பழைய சிம்மை மாற்றுங்கள். கிளினிக் திகதியை அவர் வெளியே வர முன்னமே எடுத்துவிடுங்கள். இதெல்லாம் தயாரில்லை என்றால் போகும் நாளை ஒரு கிழமை தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, உளநலப் பிரிவுக்குப் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒருமுறை திரும்ப எடுத்துவிட்டால் எல்லாம் போச்சு என்று வீட்டை விட்டுத் துரத்தவும் வேண்டாம். அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: மகன் சிகிச்சைக்கு வரமாட்டேன் என்கிறான். நானே பொலிஸிடம் பிடித்துக் கொடுத்தால் கோட்டில் போட்டுக் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்புவார்கள், செலவில்லை என்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு தகப்பன், முல்லைத்தீவுக் கரையோரம்

பதில்: ஐயா, வேண்டாம். அடிக்க வருகிறார், கத்தி தூக்குகிறார் என்றால் உயிரைக் காப்பாற்றப் பொலிஸைக் கூப்பிடுவது வேறு, அதில் பிழையே இல்லை. சிகிச்சைக்கு வழி என்று நினைத்துக் கூப்பிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தில் தானாக விரும்பிச் சேரும் வழியும் இருக்கிறது, நீதவான் கட்டாயமாக அனுப்பும் வழியும் இருக்கிறது. ஆனால் பிடித்துக் கொடுத்த பிறகு வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. பையில் எத்தனை கிராம் இருந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். கந்தகாட்டில் 2022 ஜூனில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கட்டாயமாக அடைத்துவைக்கும் நிலையங்களை மூடச் சொல்லி ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012 இல் கூட்டாகக் கேட்டதும் காரணமில்லாமல் இல்லை. ஏற்கெனவே வழக்கு இருந்தால் அது வேறு கதை, சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துச் சிகிச்சை கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வரமாட்டேன் என்கிறவரிடம் ஐஸைப் பற்றிப் பேச வேண்டாம். நித்திரையைப் பற்றிப் பேசுங்கள், பல்லைப் பற்றி, மெலிந்ததைப் பற்றி. “பல்லைக் காட்டப் போவம் வா” என்று ஆஸ்பத்திரி வாசல் வரை போனவர்கள் இருக்கிறார்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் தனியப் போய் உளநலப் பிரிவில் பேசுங்கள்.

கேள்வி: கணவர் ஐஸை விட்டு ஐந்து மாதம். சோதனையும் சுத்தம். ஆனால் சிரிப்பில்லை, கதையில்லை, பிள்ளையைத் தூக்குவதுமில்லை. மரம் மாதிரி இருக்கிறார். இதற்கா இவ்வளவு பாடுபட்டேன்?
— ஒரு மனைவி, வவுனியா

பதில்: தங்கச்சி, அவர் உங்களை வெறுக்கவில்லை. சந்தோஷத்தை உணரவைக்கும் டோபமின் என்ற இரசாயனத்தை ஐஸ் வெள்ளமாகத் திறந்துவிட்டு, அந்த வாய்க்காலையே அரித்துவிடும். நிறுத்தி ஒரு வருடம் தாண்டிய பிறகு மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில் அந்தச் சேதம் கணிசமாகச் சீராகி வந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஐந்து மாதம் என்பது பாதி வழிகூட இல்லை. ஆனாலும் இதை மனச்சோர்வு என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. பின்னேரத்தில் அவரோடு குளக்கட்டில் நடந்துவிட்டு வாருங்கள், பேசாமல் நடந்தாலும் பரவாயில்லை. பிள்ளையைத் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அவர் இருக்கும் பாயில் பக்கத்தில் இருத்திவிட்டு நீங்கள் குசினிக்குள் போங்கள்.