லாரிக்கு வழி சொல்லும் மென்பொருள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் வண்டி அனுப்புகிறேன் அண்ணே. மென்பொருள் சொல்லும் நேரத்துக்கு எந்த லாரியும் போய்ச் சேர்வதில்லை. ஏன்?

அது காருக்குக் கணக்குப் போடுகிறது தம்பி. 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு விரைவுச்சாலையில் மணிக்கு 60 கி.மீ.தான் வரம்பு. காருக்கு 90 இருக்கும் பகுதியில் 30 கி.மீ. தூரத்தைக் கார் 20 நிமிடத்தில் கடந்தால் லாரிக்கு 30 ஆகும். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் வேக வரம்பைத் தனியாகப் பதியுங்கள். பாதி சிக்கல் அங்கேயே தீரும்.

மீதிப் பாதி?

கடைசி 50 மீட்டர்! நம் ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. அதை ஒன்மேப் என்ற அரசாங்க இணைய வரைபடத்தில் கொடுத்தால் புள்ளி கட்டடத்தின் மேல் விழும். ஆனால் லாரி கட்டடத்தின் மேல் நிற்காதே! சரக்கு இறக்கும் இடமான லோடிங் பே பின்பக்கம் இருக்கும், அதற்கு வாசல் வேறு தெருவில் இருக்கும். ஓட்டுநர் புளோக்கைச் சுற்றிச் சுற்றி வருவார். அடுக்குமாடி கார்பார்க் வழியாகப் போகச் சொன்னால் உயரத் தடுப்பில் மாட்டுவார். அப்புறம் லிப்டுக்குக் காத்திருப்பது, பாதுகாவலரிடம் பெயர் எழுதுவது, ஆள் வந்து கையெழுத்துப் போடுவது. இதற்கெல்லாம் பல மென்பொருள்களில் எல்லா இடத்துக்கும் ஒரே நிமிடக் கணக்குதான்.

வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பது ஜிபிஎஸ் பதிவில் ஏற்கெனவே கிடக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு முகவரிக்கும் உண்மையான நிறுத்துமிடத்தையும் இறக்கும் நேரத்தையும் சேமியுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் இதைவிடப் பலன் தருவது எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நான் நிரல் எழுதுபவன். எந்த அல்காரிதம் நல்லது?

எந்த லாரி எந்த வரிசையில் எங்கெங்கே போக வேண்டும் என்பது 1959-இல் டான்ட்சிக், ராம்சர் என்ற கணித ஆய்வாளர்கள் இருவரும் பெட்ரோல் லாரிகளுக்காக எழுதிய கணக்கு. 20 இடங்கள் என்றாலே போகக்கூடிய வரிசைகள் 24 ஆயிரம் கோடி கோடிக்கு மேல். எல்லாவற்றையும் யாரும் சரிபார்க்க முடியாது. நல்ல விடை போதும். இந்தக் கணக்கைப் போடும் ஓஆர்-டூல்ஸ், வ்ரூம் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்ச உழைப்பைத் தரவில் போடுங்கள்.

கண்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டுகிறேன். உயரத்தை எப்படிக் கொடுப்பது?

வண்டிக்கு ஒரே உயரம் என்று வைக்காதீர்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் கொடுங்கள். சாதாரண கண்டெய்னர் 2.59 மீட்டர், ஹைகியூப் என்ற உயரமான கண்டெய்னர் 2.9. டிரெய்லர் தளம் 1.5 மீட்டர் என்றால் ஹைகியூபோடு 4.4 ஆகிவிடும். 4.5-ஐத் தாண்டினால் காவல்துறைத் துணை வண்டி வேண்டும். நடுவில் இருப்பது 10 சென்டிமீட்டர்தான். தோண்டு இயந்திரம் ஏற்றும் நாளில் கையை மடக்கிய பிறகு அளந்து எழுதுங்கள், தயவுசெய்து. ஊகிக்க வேண்டாம்.

ரசாயன லாரிக்கு?

கேபிஇ, எம்சிஇ போன்ற சுரங்கச்சாலைகள் கூடாது, அனுமதி பெற்ற வழிதான். மென்பொருளில் இதை 'கூடுதல் செலவு' என்று வைத்தால் என்றாவது ஒருநாள் அது உள்ளே அனுப்பிவிடும். முழுத் தடையாகவே வையுங்கள்.

இஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணத்தைத் தவிர்க்கச் சொல்லலாமா?

கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். கனரக லாரிக்குக் காரைப்போல ஒன்றரை மடங்கு, மிகக் கனரகத்துக்கு இரு மடங்கு. அதுவும் நேரத்துக்கு நேரம் மாறும். டீசல், ஓட்டுநர் நேரம், கட்டணம் மூன்றையும் சிங்கப்பூர் வெள்ளிக் கணக்காக்கி மென்பொருள் கூட்டிப் பார்க்கட்டும். பல நாள் அரைமணி தள்ளிப் புறப்படுவதே லாபம்.

திரை சொன்ன வழியில் போகாவிட்டால் மேற்பார்வையாளர் திட்டுகிறார் அண்ணே.

அவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். 20 வருடம் ஓட்டியவர் வழி மாறினால் அதற்குக் காரணம் இருக்கும். 'வாசல் மூடல்', 'திரும்ப இடமில்லை', 'பள்ளி விடும் நேரம்' என்று நான்கைந்து பொத்தான்களைத் திரையில் வையுங்கள். வண்டி நின்ற பிறகு ஒன்றை அழுத்தினால் போதும். தமிழிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை அதைப் படித்து வரைபடத்தைத் திருத்துவது அலுவலகத்தில் இருப்பவர் பொறுப்பு.